சுண்ணாம்புச் சுவரில் வந்த நிறம்

பயிற்சி வேலூரில், ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில் நடந்தது. சனிக்கிழமை காலை ஆரணியில் பஸ் ஏறி, கண்ணமங்கலத்தில் ஏறுகிற கீரைக் கூடைகளுக்குக் காலை மடக்கி இடம் விட்டு, வியர்த்து வழிந்து போய்ச் சேர்ந்தால் ஹாலுக்குள் பல் கிட்டும் குளிர். ஏசி இல்லாமல் ஒரு கட்டடத்தை எப்படிக் குளிர்ச்சியாக வைத்திருப்பது என்று எங்களுக்கு அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். சுற்று வட்டாரத்து ஆர்க்கிடெக்ட்டுகள் அத்தனை பேரும் துப்பட்டாவையும் கைக்குட்டையையும் கழுத்தில் சுற்றிக்கொண்டு குறிப்பெடுத்தோம்.

எனக்கு எதிலும் சீக்கிரம் எரிச்சல் வரும். அந்த ஹாலில் எரிச்சலுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் பாடம், மதியம் வியாபாரம். குறைவாக வாங்குங்கள், குறைவாகக் கட்டுங்கள் என்று காலையில் சொல்வார்கள். சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டு வந்தால் வராந்தாவில் கம்பெனிக்காரர்கள் மேசை போட்டு நிற்பார்கள். வெயிலைத் திருப்பி அனுப்புகிற பெயின்ட், துளை வைத்த களிமண் கல், சாம்பலில் செய்த கல், பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த ஓடு. எல்லாவற்றிலும் ஒரு பச்சை இலைப் படம் ஒட்டியிருந்தது. எங்களுக்குக் கொடுத்த தண்ணீர் பாட்டிலிலும் ஒட்டியிருந்தது.

ஆனாலும் ஒரு சனிக்கிழமைகூட நான் தவறவிடவில்லை. ஆரணியில் ஆர்க்கிடெக்ட் என்றால் எலிவேஷன் போட்டுக் கொடுக்கிறவர் என்று அர்த்தம். வீட்டு முகப்பில் எங்கே கண்ணாடி, எங்கே டைல்ஸ், எங்கே வளைவு என்று படம் வரைந்து கொடுத்தால் வேலை முடிந்தது. உள்ளே இருக்கிறவர்கள் வேகிறார்களா, வெந்து முடிந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. இதையே வரைந்து வரைந்து எனக்குச் சலித்துப் போயிருந்தது. போதாததற்கு அந்தச் சமயத்தில்தான் கடைத்தெருவில் ஒரு பட்டு வியாபாரி புதிய ஷோரூம் கட்டப் போவதாகச் சொல்லி என்னிடம் பேச ஆரம்பித்திருந்தார். மூன்று மாடி. என் கைக்கு அதுவரை வராத அளவு வேலை. அதில் நான் கற்றதையெல்லாம் செய்துபார்த்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பரபரப்பு ஓடிக்கொண்டே இருந்தது. வெயில் படாத நடை, காற்று ஏறிப் போக ஒரு முற்றம், சுவரெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு. ஷோரூம்காரரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பாக்கலாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் படம் படமாக வரைந்தேன்.

பயிற்சி நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் ஆர்க்கிடெக்ட். பேச்சில் கண்டிப்பு, ஆனால் கிண்டலும் உண்டு. கம்பெனி மேசைகளைப் பார்த்தபடியே, எதையும் வாங்குவதற்கு முன்னால் இருக்கிற சுவர் ஏன் உரிகிறது என்று பாருங்கள் என்பார். ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்து வைத்தால் அது அரிக்கும். வெளியே வர வழிவிட்டால் சுவர் காய்ந்துகொள்ளும். சுண்ணாம்பு வழிவிடும், சிமென்ட்டும் எண்ணெய்ப் பெயின்ட்டும் வழிவிடாது. அவர் சொன்னதன் சாரம் இதுதான். கடைசி வகுப்புக்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் சொந்த இடத்தில் ஒரு சின்ன வேலையைச் செய்து படம் எடுத்துவந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் ஆபீஸ் அறையில் ஒரு சுவர் வருடாவருடம் உரியும். பொங்கலுக்குப் பெயின்ட் அடித்தால் சித்திரைக்குள் முழங்கால் உயரத்துக்குச் செதில் செதிலாகக் கொட்டிவிடும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் கணவரின் சாயப்பட்டறை.

நான் தெள்ளார்க்காரி. கல்யாணமாகித்தான் ஆரணி. நெசவாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பது என் கணவர் வீட்டுத் தொழில். இந்த வீட்டுக்கு வந்தவுடன் நான் கற்றுக்கொண்ட முதல் சங்கதி, தொட்டியில் என்ன நிறம் ஓடுகிறது என்று வெளியே மூச்சு விடக் கூடாது என்பது. ஒவ்வொரு வியாபாரியும் சீசனுக்கு ஒரு புது நிறத்தை யோசித்து வைத்திருப்பார். அது கடையில் பொம்மைக்குக் கட்டுகிற நாள் வரைக்கும் சாயக்காரருக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரிய வேண்டும். புது நிற நூலை மொட்டை மாடியில் காயப்போட மாட்டார்கள். உள்ளேயே கழியில் தொங்கவிட்டு மேலே வேட்டியைப் போட்டு மூடிவிடுவார்கள். யாராவது தெருவில் நின்று "இன்னா கலரு ஓடுது?" என்று கேட்டால் என் கணவர், "கேட்ட கலரு" என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. சாயம் யார் வேண்டுமானாலும் போடலாம், வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குத்தான் நம்மிடம் வருகிறார்கள் என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

நான் சுவரைக் கொத்தத் தொடங்கியபோது அவருக்கு ஒரே வேடிக்கை. பழைய சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் போட்டு ஊறிய தண்ணீரை அதில் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மேடம், சுவத்துக்கு ஜுரமா? கஷாயம் காச்சிகினு இருக்கற?"

"உங்க பட்டறை ஈரத்தாலதாங்க அதுக்கு ஜுரம்."

"அப்போ டாக்டர் பீஸ நான்தான் குடுக்கணுமா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பூச்சு நன்றாக வந்தது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொண்டேன். காய்ந்தபின் மோர் நிறத்தில், கை வைத்தால் வழுவழுவென்று இருந்தது. அறையில் எப்போதும் இருந்த பூசண வாடை போய்விட்டது. சித்திரை வெயிலில்கூட மதியம் ஃபேனைக் குறைத்து வைத்து உட்கார முடிந்தது. நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வேலை இல்லாத நேரத்தில் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். படித்து முடித்த பிறகு நான் செய்த ஒரு வேலை சொன்னபடி நடந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அத்தனை சந்தோஷம்.

அதன் பிறகுதான் முதலாளி ஒருவர் வந்தார். ஷோரூம்காரர் இல்லை, என் கணவருக்கு நீண்ட நாளாக வேலை கொடுத்து வருகிற வேறொரு பட்டு வியாபாரி. கையில் துணியில் சுற்றிய ஒரு பழைய செம்புச் சொம்பு. பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்சம் புளியைக் கேட்டு வாங்கி, சொம்பை அங்கேயே தேய்த்துக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"தேச்ச உடனே இருக்குது பாரு, அந்த கலரு. கொஞ்ச நேரம் ஆனா கறுத்துடும். கறுக்கறதுக்கு முன்னாடி இருக்கற இந்த கலருதான் வேணும்."

"பாக்கறேங்க," என்றார் என் கணவர்.

"தீபாவளிக்குத்தான் வெளிய வரணும். அது வரைக்கும் உன் கண்ணு, என் கண்ணு." காபி கொண்டுவந்து வைத்த என்னைப் பார்த்து, "உங்க கண்ணும்தாம்மா" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு நானும் அந்த வாக்குக்குள் வந்துவிட்டேன்.

என் கணவருக்கு அந்த நிறம் லேசில் பிடிபடவில்லை. மஞ்சளைக் கூட்டுவார், சிவப்பைக் குறைப்பார், ஒரு துளி நீலம் விடுவார், நூலை நனைத்துக் காயவைத்து வெளியே எடுத்துவந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். சாப்பிடும்போதும் அவர் கண் தட்டில் இருக்காது. கடைசியில் வந்தபோது அது உண்மையிலேயே புளி போட்டுத் தேய்த்த செம்புதான். பெரிய ஆர்டர். மாதக் கணக்கில் அதே நிறம் ஓடும் என்பதால் நூலை அலசுவதற்குப் புதிதாக ஒரு தொட்டி வாங்கி, இடம் இருந்த மூலையில் போட்டார். அது என் சுவரை ஒட்டிய மூலை.

ஆடி மாதம் பிறந்த சமயத்தில் சுவரின் அடியில் ஒரு மங்கல் தெரிந்தது. அழுக்கு என்று துடைத்தேன். போகவில்லை. அடுத்த வாரம் அது கையகலம் ஆயிற்று. அதற்கடுத்த வாரம் அது என்ன என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அலசுகிற தண்ணீர் தரையில் வழிந்து, சுவருக்குள் இறங்கி, என் பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. ஈரத்துக்கு வழிவிட்டது, ஈரம் காய்ந்தது, ஈரத்தோடு வந்த நிறம் தங்கிவிட்டது. வேலூர் ஹாலில் திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்களே, அதேதான்.

நிறம் மட்டும் வந்திருந்தால் கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு வேகத்தில் ஏறுகிறது. மஞ்சள் முந்திக்கொண்டு மேலே போய்விட்டது. சிவப்பு நடுவில் நின்றது. நீலம் அடியிலேயே ஒரு மெல்லிய கோடாகத் தங்கிவிட்டது. சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே எல்லாம் கலந்து நின்ற இடத்தில் அந்தச் செம்பு நிறம் அப்படியே பளிச்சென்று இருந்தது. விஷயம் தெரிந்த ஒருவர் வந்து நின்றால் நிறத்தையும் பார்ப்பார், அதற்குள் என்னென்ன போயிருக்கிறது என்பதையும் பார்ப்பார். என் கணவர் உதட்டைப் பிதுக்கிப் பிதுக்கிக் கண்டுபிடித்ததை என் சுவர் பிரித்து அடுக்கி வைத்திருந்தது.

அன்றே அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் என் ஆபீஸ் அறைக்குள் வருகிறவர் இல்லை. வந்தாலும் வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் போவார். நானாகச் சொன்னால்தான் தெரியும். சொல்லவில்லை. அவருக்கு இருக்கிற தலைவலி போதாதா என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. சொன்னால், சுவரா தொட்டியா என்று ஒரு கேள்வி வரும். தொட்டிதான் என்று அவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அதை அவர் வாயால் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. தொட்டி சோறு போடுகிறது. சுவர் என்ன போடுகிறது? அதனால் பயிற்சியில் கம்பெனிக்காரர்கள் மாதிரிக்குக் கொடுத்த கற்களையும் ஓடுகளையும் ஒரு பெரிய பலகையில் வரிசையாகப் பதித்து, அந்தப் பலகையைச் சுவர்மேல் மாட்டி நிறத்தை மறைத்துவிட்டேன். பார்க்கிறவர்களுக்கு ஆபீஸில் மாதிரிகள் வைத்திருப்பதாகத் தோன்றும். நன்றாகத்தான் இருந்தது.

ஷோரூம்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பஜாரிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியாம். என் எதிரே, பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முற்றம் பிடித்திருந்தது. நடை பிடித்திருந்தது.

"சுவத்துக்கு இன்னா போட்றதா சொன்னீங்க?"

"சுண்ணாம்பு சார். உள்ள சூடு தெரியாது. பட்டுக்கும் நல்லது, ஈரம் தங்காது."

"சரி. இந்தக் கல்லு எது, மேல கட்றதுக்கா?" என்று பலகையைக் காட்டினார். "அத எறக்குங்கம்மா. கைல வாங்கிப் பாத்தாத்தான் எனக்குத் திருப்தி."

"நான் ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டறேன் சார்."

"நீங்க எதுக்கு சிரமப்பட்டுகினு," என்று எழுந்து அவரே பலகையை இரண்டு கையாலும் தூக்கி இறக்கிவிட்டார்.

இறக்கியவர் பலகையைப் பார்க்கவில்லை. அதைச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு அப்படியே நின்றார். பட்டு வியாபாரிகள் ஒரு நிறத்தைப் பார்க்கும்போது முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வார்கள். அவரும் சாய்த்துக்கொண்டார். பிறகு விரலால் சுவரைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் வாரி ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"நல்லா இருக்குதேம்மா. என் கடைல பில்லு போட்ற எடத்துக்குப் பின்னால இப்படி ஒரு சுவரு வெச்சா எடுப்பா இருக்கும். இன்னா பெயின்ட் இது?"

அவர் தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வேண்டுமென்றே கொடுத்த நிறம் என்று சொன்னால், அதையே எனக்கும் போடுங்கள் என்பார். தீபாவளிக்கு முன்னால் அந்த நிறம் அவர் கையில் இருக்கும். பட்டறைச் சாயம் என்று சொன்னால் கேட்கவே வேண்டாம். சொல்லக்கூடியதாக ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை நான் சொன்னேன்.

"பெயின்ட் இல்ல சார். பூச்சு கெட்டுப்போச்சு. மணல்ல இரும்புத் துரு இருந்திருக்கு. ஈரம் பட்டதும் கறை எறங்குது."

"கறையா இது?"

"ஆமா சார். நான் கலந்ததுதான் சரியில்ல."

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "என் கடைக்கும் இதே பூச்சுதானே சொல்லிகினு இருந்தீங்க?"

"ஆமா சார்."

"அங்கயும் இப்படி ஆவுமா?"

ஆகாது என்று சொல்லலாம். ஆகாது என்பதுதான் நிஜம். ஆனால் ஆகாது என்றால், இங்கே மட்டும் ஏன் ஆயிற்று என்பார். அவர் கண் இந்தச் சுவரை விட்டு அந்தப் பக்கத்துக்குப் போகும்.

"ஆவலாம் சார். எனக்கு இது புதுசு," என்றேன்.

அவர் மரியாதை தெரிந்தவர். காபியைக் குடித்து முடித்து, வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் போனார். சில நாள் கழித்து போன் வந்தது. வேலூரில் ஒரு இன்ஜினியரிடம் கொடுத்துவிட்டாராம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாம். "நீங்க தப்பா நெனச்சிக்கக் கூடாது, உண்மைய சொன்னீங்க பாருங்க, அதுக்கு சந்தோஷம்" என்றார். போனை வைத்துவிட்டு நான் வரைந்த படங்களையெல்லாம் சுருட்டி அலமாரிக்கு மேலே எறிந்தேன். ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்காமலேயே ஒரு வாரம் தாண்டித் தாண்டிப் போய்வந்தேன்.

பெயின்ட்டரைக் கூப்பிட்டு அந்தச் சுவருக்குப் பட்டி பார்த்து, கனமாக எண்ணெய்ப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். பிழைப்பைக் கெடுத்த சுவரை என் காசிலேயே மூச்சுத்திணற அடித்தேன். அறை திரும்ப வெக்கையாயிற்று. பெயின்ட் வாசனைக்கு வாசலில் வந்து நின்ற என் கணவர் ஆச்சரியப்பட்டார்.

"இன்னாச்சு, அவ்ளோ பாடுபட்டு செஞ்ச?"

"பூச்சு சரியா வரலீங்க."

"ஊத்திகிச்சா?" என்றவர் என் முகத்தைப் பார்த்து கிண்டலை நிறுத்திவிட்டார். "வுடு. சிமென்ட் கம்பெனிக்காரன் சும்மாவா கோடி கோடியா சம்பாரிச்சுகினு இருக்கறான்." ஆறுதல்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஷோரூம்காரர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. கறை என்று நம்பினாரா, வீட்டுக்குப் போய்த் தன் சாயக்காரரைக் கூப்பிட்டு மேலே மஞ்சள், நடுவில் சிவப்பு, அடியில் நீலம் என்று சொன்னாரா? தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். ஜெராக்ஸ் எடுக்க, பேனா வாங்க, ஒன்றுமில்லாவிட்டால் கொத்தமல்லி வாங்க. ஒவ்வொரு பட்டுக்கடை கண்ணாடியிலும் பொம்மைக்கு என்ன நிறம் கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். தூரத்தில் கொஞ்சம் காவியோ கொஞ்சம் பழுப்போ தெரிந்தால் தெருவைத் தாண்டி ஓடுவேன். கிட்டே போனால் அரக்காக இருக்கும், வெங்காயச் சருகாக இருக்கும். "உனக்கு இன்னா, கால்ல சக்கரமா?" என்று என் கணவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தக் கலவரத்துக்கு நடுவில் கடைசி வகுப்பு வந்தது. கூடப் படித்தவர்கள் திரையில் தங்கள் வேலைகளைக் காட்டினார்கள். ஒருவர் மாடியில் பானைகளைக் கவிழ்த்து வைத்துக் கூரையைக் குளிரவைத்திருந்தார். ஒருவர் பழைய கதவுகளை ஜன்னலாக்கியிருந்தார். என் முறை வந்தபோது, நிறம் வருவதற்கு முன்னால் எடுத்த ஒரு படத்தைக் காட்டிவிட்டு, பூச்சு சில மாதத்தில் கெட்டுவிட்டது என்று சொன்னேன். பயிற்சி நடத்தியவர் சும்மா விடவில்லை. மணல் எங்கே வாங்கினீர்கள், எத்தனை நாள் ஊறவைத்தீர்கள், நிழல் இருந்ததா என்று வரிசையாகக் கேட்டார்.

"சுவருக்குப் பின்னால என்ன இருக்கு?"

"ஒரு ரூம், மேடம்."

"தண்ணி புழங்கற ரூமா?"

ஹாலில் என்னைத் தவிர ஆரணிக்காரர் இன்னும் இருவர் இருந்தார்கள். அவர்களும் வியாபாரிகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறவர்கள். "இல்ல மேடம்," என்றேன்.

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, மணலைக் கழுவாமல் அவசரப்பட்டால் இப்படித்தான் ஆகும், பிறகு பழி சுண்ணாம்பின் மேல் விழும் என்றார். நான் கழுவியிருந்தேன். சலித்து, கழுவி, காயவைத்து, திரும்பக் கழுவியிருந்தேன். அந்த ஹாலில் என்னைவிட நன்றாகக் கழுவியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். காது இரண்டும் சூடாகி, அந்த ஏசியிலும் எனக்கு வியர்த்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கம்பெனிக்காரர் என்னைத் தேடிவந்து, மேடம் உங்கள் சுவருக்கு எங்களிடம் ஒரு கோட்டிங் இருக்கிறது என்று ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார். அதிலும் பச்சை இலை. சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஊர் வந்து சேரும்வரை, எழுந்து நின்று ஓட்டுநரை இன்னும் வேகமாகப் போகச் சொல்ல வேண்டும்போல இருந்தது. எங்கே போய்ச் சேர அந்த அவசரம் என்று எனக்கே விளங்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் முதலாளி தன் கடையில் அந்தப் புடவையை வைத்தார். வேறு எந்தக் கடையிலும் அது வரவில்லை. ஷோரூம்காரரின் பழைய கடைக் கண்ணாடியிலும் எப்போதும்போல அரக்கும் பச்சையும்தான். அவர் பார்க்கவில்லையா, பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலாளி புது நிறத்துக்கு ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார். சொம்பு என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்தார். இனிப்புப் பெட்டி, அதன்மேல் ஒரு புடவைப் பெட்டி. புடவை எனக்கு.

"ஊர்ல ஒரு ஆளுக்குத் தெரியல. பொம்மைக்குக் கட்டி வெச்சப்போ பஜாரே வந்து நின்னு பாத்துது," என்று என் கணவரின் தோளைத் தட்டினார். "உன் வூட்டுச் சுவத்துக்குக்கூட காது கெடையாதுய்யா."

என் கணவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. முதலாளி போனதும் பெட்டியைத் திறந்து, புடவையை என் கையில் வைத்தார்.

"கட்டிப் பாரேன்."

நான் மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கட்டிக்கொள்ளப் போகவில்லை.

"இன்னா, கலரு புடிக்கலியா?"

"இந்த கலர எனக்கு நல்லாத் தெரியுங்க," என்றேன். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. சுவரில் நிறம் ஏறியது, பலகை மாட்டியது, ஷோரூம்காரர் பலகையை இறக்கியது, துரு என்று சொன்னது, ஷோரூம் வேலை கைவிட்டுப் போனது, வேலூரில் தலை குனிந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். குரல் ஏறிப்போய் தெருவுக்கே கேட்டிருக்கும். கைக்கு வந்த ஷோரூம் வேலையை விட்டுக்கொடுத்துத்தான் உங்கள் வாக்கைக் காப்பாற்றினேன் என்றேன். அதைச் சொல்லிவிட வேண்டும் என்று மாதக் கணக்காக எனக்குள் துடித்துக்கொண்டிருந்தது. சொன்னதும் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்தார். எண்ணெய்ப் பெயின்ட் அடித்த சுவரைப் போய்ப் பார்த்தார். அடியில் அதற்குள்ளேயே கொப்புளம் கட்ட ஆரம்பித்திருந்தது. அதை விரலால் அமுக்கினார்.

"அந்த மூலைத் தொட்டியாலயா?"

"ஆமா."

"அத எடம் இருந்துச்சேன்னு போட்டேன். என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நவுத்தியிருப்பேனே."

"இப்ப சொல்லுவீங்க."

"நீ கேக்கவே இல்லியே," என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

இப்போது சொல்வது யாருக்கும் சுலபம்தான் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் அன்றைக்கு வேறு பதில் சொல்லியிருப்பார், ஆர்டர் அவசரம் என்றிருப்பார், முகத்தைச் சுளித்திருப்பார். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது. அவர் பட்டறைப் பக்கம் போய்விட்டார்.

நான் புடவையை மடிக்க ஆரம்பித்தேன். புதுப் பட்டு, மடிப்புக்கு அடங்காமல் வழுக்கியது. முதல் மடிப்பைப் பிடித்து இரண்டாவதைப் போடுவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தொட்டி தரையில் கிறீச்சென்று இழுபடுகிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் அந்த வேலை. புடவை இன்னும் பாதி மடித்தபடி என் கையில் இருந்தது.

"இது போதுமா, இன்னும் தள்ளட்டுமா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

போதும் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, திரும்பவும் கேட்டார்.